மனச்சோர்வு: சத்துக் குளிசையா, சாப்பாட்டுக் கோப்பையா?

வன்னியில் பல வீடுகளில் சாமிப்படத் தட்டுக்குப் பக்கத்திலோ தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ ஒரு பெரிய வெள்ளைப் போத்தலைக் காணலாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அனுப்பியது. மீனெண்ணெய்க் குளிசை, பல விற்றமின்கள் சேர்ந்த குளிசை, மக்னீசியம் என்று ஏதாவது ஒன்று. “இது மனதுக்கு நல்லது, ஒவ்வொரு நாளும் ஒன்று போடுங்கோ” என்று தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டு உறவினர் இல்லாத வீடுகளுக்குச் சங்கிலி முறையில் பொருள் விற்பவர்கள் வருகிறார்கள். ஒரு தகரப்பேணி மாவின் விலை ஒரு கூலித்தொழிலாளியின் பல நாள் சம்பளம். தவணையிலும் கொடுக்கிறார்கள்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு அம்மா இப்படி ஒரு போத்தலை என் கையில் தந்து கேட்டார்: “தம்பி, இதைப் போட்டா மனம் லேசாகுமெண்டு தங்கச்சி சொல்லுறாள். உண்மையே?” அவருடைய மகன் 2009 க்குப் பிறகு வீடு திரும்பவில்லை. வைத்தியசாலை கிளினிக்கில் கொடுத்த மனச்சோர்வுக் குளிசையும் அவரிடம் இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் உடம்புக்குச் சூடு என்று நினைத்து, கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டு வெளிநாட்டுக் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. அந்தத் தொடர்பைப் போத்தலில் அடைத்து விற்க முடியும் என்பது பெரும்பாலும் உண்மையில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

யுத்தம் முடிந்த சில மாதங்களில், 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ். மாவட்டத்தில் ஓர் உளநல ஆய்வு நடத்தப்பட்டது. 2011 இல் அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. பங்குபற்றியவர்களில் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அந்த நேரத்திலும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் அது 41.8 வீதம். ஐந்து பேரில் இருவர்.

எங்கள் சனம் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவதில்லை. நெஞ்சு பாரம், தலையிடி, உடம்பு உளைவு, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை என்றுதான் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே துயரம் உடலின் மொழியில் பேசுகிறது. பெருமூச்சு கூட ஒரு முறைப்பாடாகிறது. “உடம்பில சத்தில்லை, அதுதான் இப்படி” என்ற விளக்கம் எங்களிடம் இவ்வளவு எளிதாக எடுபடுவதற்கும் இது ஒரு காரணம். உளநோய் என்று சொன்னால் ஊர் ஒருமாதிரிப் பார்க்கும். சத்துக்குறைவு என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

சிலருக்கு அந்த விளக்கம் சரியாகவும் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

இரும்புச்சத்துக் குறைந்து இரத்தச்சோகை வந்தால் களைப்பு, மூச்சிரைப்பு, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் வரும். பார்ப்பவருக்கு அது மனச்சோர்வு போலவே இருக்கும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கும் இது அதிகம். விற்றமின் பி12 இன்னொன்று. இது மீன், முட்டை, பால், இறைச்சி போன்ற விலங்குணவில்தான் இயற்கையாக உண்டு. முழுச் சைவம் சாப்பிட்டு, பாலும் முட்டையும் தொடாதவர்களுக்குச் சில வருடங்களில் இது குறையலாம். நீரிழிவுக்காக மெற்போமின் குளிசையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் குறையலாம். எங்கள் முதியவர்களில் எத்தனை பேர் அந்தக் குளிசை எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பி12 குறைந்தால் கால் விறைப்பு, பாதம் எரிவு, மறதி, மனம் சோர்தல் எல்லாம் வரும். இலைக்கறியிலும் பயறு வகைகளிலும் உள்ள போலேற்று சத்துக் குறைவதும் மனச்சோர்வோடு தொடர்புபட்டது. மூளையில் செய்தி காவும் இரசாயனங்களை உடல் தயாரிப்பதற்கு இவை எல்லாம் தேவை. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் இதே அறிகுறிகள் வரும். அது வெறும் சத்துக்குறைவு அல்ல, அதற்கென்று மருந்து உண்டு.

ஆகவே போத்தல் வாங்குவதற்கு முன்னர் செய்யவேண்டியது இரத்தப் பரிசோதனை. குறை இருப்பது தெரிந்தால் அந்தக் குறைக்கான குளிசையோ ஊசியோ உண்மையில் வேலை செய்யும். சில கிழமைகளில் வித்தியாசம் தெரியும். குறை இல்லாதவர் அதே குளிசையை விழுங்கினால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான்.

“பெரும்பாலும்” என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 18,353 பேரை ஐந்து வருடங்களுக்கு மேல் கவனித்த பெரிய ஆய்வு ஒன்றில், சிலருக்குத் தினமும் விற்றமின் டி, சிலருக்கு மீனெண்ணெய், சிலருக்கு வெறும் போலிக் குளிசை கொடுக்கப்பட்டது. விற்றமின் டி பற்றிய முடிவு 2020 இலும் மீனெண்ணெய் பற்றிய முடிவு 2021 இலும் வெளிவந்தன. இரண்டுமே மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் 1,025 பேரிடம் நடந்த ஆய்வு 2019 இல் வெளியானது. ஒமேகா-3, விற்றமின் டி, போலிக் அமிலம், செலனியம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் தடுக்கவில்லை.

இவை நோய் வராமல் தடுப்பது பற்றியவை. ஏற்கனவே நோய் உள்ளவருக்கு? மீனெண்ணெய் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, பலன் சிறிதளவே என்றும், நோயாளி உணரக்கூடிய அளவுக்கு அது பெரிதில்லை என்றும், அந்தச் சிறு பலன் கூட உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல என்றும் சொன்னது. மனச்சோர்வுக் குளிசையோடு சேர்த்து, ஈபிஏ என்ற கொழுப்பமிலம் கூடுதலாக உள்ள மீனெண்ணெயைக் கொடுத்தால் சிலருக்கு உதவலாம் என்று கருதும் உளமருத்துவர்கள் இருக்கிறார்கள். “சேர்த்து” என்பதுதான் அங்கே முக்கியமான சொல்.

சாப்பாட்டின் கதை கொஞ்சம் வேறு. 2017 இல் அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெலிஸ் ஜக்காவும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு உள்ள, சாப்பாடும் சீராக இல்லாத 67 பேர். அவர்களில் பெரும்பாலானோர் ஏற்கனவே மருந்தோ உளவளத்துணையோ பெற்றுக்கொண்டிருந்தவர்கள். அதை யாரும் நிறுத்தவில்லை. ஒரு பகுதியினருக்குப் பன்னிரண்டு வாரங்களில் ஏழு தடவை உணவு ஆலோசகர் ஒருவர் வழிகாட்டினார். மற்றப் பகுதியினரோடு அதே அளவு நேரம் ஒருவர் இருந்து நட்பாகக் கதைத்தார். முடிவில், உணவை மாற்றியவர்களில் 32.3 வீதத்தினருக்கு நோய் ஏறக்குறைய விலகியிருந்தது. கதைத்தவர்களிடம் அது 8 வீதம்.

இதை மிகைப்படுத்தக் கூடாது. 67 பேர் என்பது சின்னத் தொகை. குளிசையில் போலிக் குளிசை கொடுக்கலாம், சாப்பாட்டில் போலிச் சாப்பாடு கொடுக்க முடியாது. தான் எதை மாற்றுகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த நம்பிக்கையே கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். ஆனாலும் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு எந்த விசேட உணவும் விற்கப்படவில்லை. தவிடு நீக்காத தானியம், மரக்கறி, பழம், பயறு வகைகள், கிழமைக்கு இரண்டு தடவையாவது மீன், முட்டை, கொஞ்சம் இறைச்சி, ஒரு பிடி கொட்டை வகைகள், ஒலிவ் எண்ணெய். இனிப்பு, பொரியல், மென்பானம் குறைவாக. அவ்வளவுதான். முந்திய சாப்பாட்டை விட இதற்குச் செலவு குறைவாகவே இருந்தது என்றும் அந்தக் குழு கணக்கிட்டது.

ஒலிவ் எண்ணெயை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்தப் பட்டியல் எங்களுக்கு அந்நியமானதல்ல. சூடை, சாளை, நெத்தலி போன்ற சின்ன மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு நல்ல அளவில் இருக்கிறது. போத்தலில் வருவதும் இப்படிப்பட்ட மீன்களிலிருந்து எடுத்த எண்ணெய்தான். கொழுப்புள்ள சின்ன மீன் நூறு கிராம் சாப்பிட்டால் ஏறத்தாழ ஒரு கிராம் ஒமேகா-3 கிடைக்கும். அதோடு புரதமும் பி12 உம் கிடைக்கும். முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை எல்லாம் வேலியிலோ வளவிலோ நிற்பவை. பயறு, கௌப்பி, உழுந்து, எள்ளு, குரக்கன் எல்லாம் எங்கள் மண்ணில் விளைபவை. கச்சான் முல்லைத்தீவு மண்ணில் விளைகிறது. அதைப் பக்கற்றில் அடைத்து வரும் பிஸ்கற்றைவிடக் கேவலமாக நாங்கள் ஏன் பார்க்கத் தொடங்கினோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இலைக்கறி வறையில் தேசிக்காய்ப் புளி விடும் பழக்கம் எங்களிடம் உண்டு. ருசிக்காகச் செய்தாலும், இலையில் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச அந்தப் புளி உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி அதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. தேயிலையில் உள்ள பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட்டால் நல்லது. காசு செலவில்லாத மாற்றம் இது.

இவ்வளவும் சொன்னாலும், மனச்சோர்வு உள்ள ஒருவரிடம் “சத்தாகச் சாப்பிடுங்கோ” என்று சொல்வது, கால் முறிந்தவரிடம் கடைக்கு நடந்து போய்வாங்கோ என்று சொல்வதைப் போன்றது. அந்த நோயே பசியைத் தின்றுவிடுகிறது. சமைக்கும் தெம்பை எடுத்துவிடுகிறது. தனியாக இருக்கும் பெண்களிடம் கேட்டால், “எனக்கு மட்டும் என்னத்துக்கு அடுப்பு மூட்டுறது” என்பார்கள். காலையில் ஒரு பிளேன்ரீ, மத்தியானம் மீதிப் பாண், இரவு இன்னொரு பிளேன்ரீ. மனம் சோர்ந்ததால் சாப்பாடு குறைகிறது, சாப்பாடு குறைந்ததால் மனம் மேலும் சோர்கிறது.

பட்டினி மட்டுமே மனதை என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு அவர்களின் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். யுத்தத்தால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காகச் செய்த ஆய்வு அது. அந்த இளைஞர்கள் உடல் எடையில் ஏறத்தாழக் கால்வாசியை இழந்தார்கள். அதோடு சிரிப்பு நின்றது, நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், சின்ன விடயங்களுக்கும் எரிந்து விழுந்தார்கள், பலர் மனச்சோர்வில் ஆழ்ந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். மீண்டும் நல்ல சாப்பாடு கொடுக்கத் தொடங்கிய பிறகும் மனம் உடனே திரும்பவில்லை, மாதக்கணக்கு எடுத்தது.

அவர்கள் மேல் ஷெல் விழவில்லை. அவர்கள் யாரையும் இழக்கவில்லை. முடிவுத் திகதி தெரிந்த பட்டினி அது. 2009 இல் உப்பும் அரிசியும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களின் பட்டினி அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கிறோம். பலருக்குச் சாப்பாடு என்பதே நினைவோடு பின்னிப்போன விடயம். சிலருக்கு வெறும் சோற்றுக்கஞ்சியின் மணமே தொண்டையை அடைக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த கறியைப் பிள்ளை போன பிறகு சமைக்காத தாய்மார் இருக்கிறார்கள். விற்றமின் அட்டவணை எழுதுபவர்களுக்கு இது தெரியாது; எங்கள் ஊர்களில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் போகவேண்டும்.

ஆகவே பெரிய திட்டம் வேண்டாம். தெம்பில்லாத நாளில் ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு பிடி கச்சான் போதும். ஊறவைத்த பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டால் அடுப்பில் அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. கைகூடும் நாளில் ஒரு இலைக்கஞ்சி. சாப்பிடும் நேரம் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருப்பது, என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு அடுத்தபடி உதவும். அயலில் இரண்டு மூன்று பெண்கள் தனித்தனியாக இருந்தால், கிழமையில் ஒரு நாள் ஒரு வீட்டில் சேர்ந்து கூழ் காய்ச்சலாம். உளவளத்துணையாளர்கள் சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்யச் சொல்லி மனச்சோர்வை இளக்கும் முறையொன்றைப் பயன்படுத்துகிறார்கள். மரக்கறி வெட்டுவதும், ஒன்றாக இருந்து சாப்பிடுவதும் அந்த வகையில் அடங்கும்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்கள் பலர் நித்திரைக்காகக் குடிக்கிறார்கள். மது நித்திரையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்து பின்னிரவில் குலைக்கும், மனச்சோர்வைக் கூட்டும், விற்றமின் பி1 ஐக் கரைக்கும். குடிப்பவர் ஒருவருக்கு மற்றக் குளிசைகளை விட இந்த ஒரு விற்றமின் அவசரமாகத் தேவைப்படலாம். அதையும் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

இனி ஆபத்துகள். மருந்தை நிறுத்துவதுதான் இவற்றில் பெரியது. மனச்சோர்வுக் குளிசைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு கிழமை வரை எடுக்கும். முதல் கிழமைகளில் குமட்டல், வயிற்றுப் புரட்டல் வரலாம். அது “சூடு” அல்ல, பெரும்பாலும் தானாகவே அடங்கும்; சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, பதற்றம், நித்திரையின்மை வந்து, நோயும் திரும்பலாம். அந்தப் புதுக்குடியிருப்பு அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: மீனெண்ணெயைப் போட்டாலும் விட்டாலும் பெரிய கெடுதல் இல்லை, கிளினிக் குளிசையை நிறுத்தினதை வைத்தியரிடம் உடனே போய்ச் சொல்லுங்கோ அம்மா.

எல்லாப் போத்தலும் அப்படிக் கெடுதல் இல்லாதவை என்றும் சொல்ல முடியாது. சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் குளிசை வெளிநாடுகளில் கடையில் சாதாரணமாக வாங்கக்கூடியது. அதை மனச்சோர்வுக் குளிசையோடு சேர்த்தால் உயிராபத்து வரை போகலாம். கர்ப்பத்தடைக் குளிசையின் பலனையும், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வோபரின் குளிசையின் பலனையும் அது குறைத்துவிடும். வோபரின் எடுப்பவர்கள் மீனெண்ணெயைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இலைக்கறியின் அளவையும் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பரிசோதிக்காமல் இரும்புக் குளிசை மாதக்கணக்கில் எடுப்பதும், விற்றமின் ஏ, டி இரண்டையும் அளவுக்கு மிஞ்சி எடுப்பதும் உடலில் தேங்கிக் கெடுதல் செய்யும். பி12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் இரத்தப் பரிசோதனை சரியாகத் தெரியும், நரம்பு பழுதடைந்துகொண்டே போகும்.

சாப்பாட்டால் முடியாதவையும் உண்டு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் பல வருடங்களைக் கடந்துவிட்டது. பதில் கிடைக்காமலேயே அந்தத் தாய் தந்தையர் பலர் இறந்துபோனார்கள். அவர்களின் சோர்வுக்குக் காரணம் ஒமேகா-3 குறைவு அல்ல. நுண்கடன் தவணைக்காரர் கிழமைக்கு ஒருமுறை படலையில் வந்து நிற்கும் பெண்ணின் பதற்றத்துக்கு மக்னீசியம் மருந்தல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த வருடம் முட்டையும் மீனும் பாலும் எத்தனை வீடுகளில் கோப்பையிலிருந்து காணாமல் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னரும் பழைய விலை திரும்பி வரவில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் திரிபோஷ கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. தனித்திருக்கும் ஐம்பது, அறுபது வயதுப் பெண் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. உணவு மனநலத்துக்கு முக்கியம் என்று பேசும் சுகாதாரத் துறையினரிடம் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி இது.

உங்கள் வீட்டில் போத்தல் இருந்தால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியருக்கு மறைக்கவேண்டிய விடயம் அல்ல அது. இரத்தச்சோகை, தைரொயிட், பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மெற்போமின் எடுக்கிறீர்கள் என்றால் அதையும், சைவம் என்றால் அதையும் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைகளில் உளநல கிளினிக்கும் மருந்தும் இலவசம், யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் இருந்தாலோ, உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த நேரத்திலும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் அழைக்கலாம்.